வாங்கும் முன்: பனிமேல் அடிக்கும் கூடாரத்துக்கு எந்த விளக்கு?

கேள்வி: ஆறடிக்கு ஆறடி மடக்குக் கூடாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி நன்றாக உறைந்ததும் மகனும் நானும் மீன்பிடிக்கப் போவதாகத் திட்டம். உள்ளே முழுவதும் கறுப்புத் துணி, பகலிலேயே கும்மிருட்டு. இணையத்தில் பார்த்தால் 10,000 லூமன் என்று ஒரு விளக்கு, ஐந்து மீற்றர் எல்ஈடி ஸ்ட்ரிப் என்று இன்னொன்று, காந்தம் வைத்தது என்று வேறொன்று. கூட வேலை செய்யும் நண்பரோ, “இதெல்லாம் எதற்கு? காஸ் விளக்கைக் கொளுத்து, குளிரும் போகும்” என்கிறார். நூறு டொலருக்குள் எதை வாங்கலாம்?
– ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: விளக்கைத் தேடுவதற்கு முன் அது எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் சிம்கோப் பக்கம் எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை ஐந்து மணியளவில் போய்விடும். லேக் ட்ரவுட், வைற்ஃபிஷ் பிடிக்கிறவர்கள் விடியுமுன்பே போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். பேர்ச் பிடிக்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். இருட்டினால் பேர்ச் கொத்துவதை நிறுத்திவிடும். மாலையில் சாமான்களைக் கட்ட ஒரு மணி நேரம், இடையில் இரை கோர்க்கவும் சிக்கெடுக்கவும் அவ்வப்போது கொஞ்சம். ஆக, ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எவ்வளவு வெளிச்சம். உங்கள் கூடாரத்தின் தரை மூன்றரைச் சதுர மீற்றர்கூட இல்லை. பழைய நாற்பது வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 450 லூமன் தரும். அதில் உட்கார்ந்து நாம் பரீட்சைக்கே படித்திருக்கிறோம். கறுப்புத் துணி வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் ஐந்நூறு, அறுநூறு என்று வையுங்கள். விளக்கைச் சுவரை நோக்கித் திருப்பிப் பயனில்லை, ஒரு துளிகூடத் திரும்பி வராது. தலைக்கு மேலே கட்டி, துளைகளை நோக்கிக் கீழே விழும்படி வையுங்கள்.

இனி அந்தப் பத்தாயிரம் லூமன். பெட்டியில் லூமன் என்று எழுதியிருப்பதை மறந்துவிட்டு வாட்டைப் பாருங்கள். சாதாரண எல்ஈடி விளக்கு ஒரு வாட்டுக்கு நூறு லூமன் அளவில் தரும். யூஎஸ்பி வழியாக 5 வோல்ட், 2 அம்பியர் எடுக்கும் விளக்குக்குக் கிடைப்பது 10 வாட். அதிலிருந்து ஆயிரம் லூமன் வரும், மிஞ்சிப் போனால் ஆயிரத்து ஐந்நூறு. மீதி எட்டாயிரத்துச் சொச்சம் பெட்டியை அச்சடித்தவரின் கற்பனை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஆறேழு வாட் விளக்கு. அது பெரிய விஷயமே இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் நூறு டொலரில் பெரும்பகுதி பற்றரிக்குத்தான் போகவேண்டும். குளிர் எல்ஈடிக்குக் கெடுதி செய்வதில்லை, சொல்லப்போனால் குளிரில் அது இன்னும் நன்றாக வேலை செய்யும். பற்றரிதான் விறைத்துப்போகும். மீன் காட்டும் கருவியோடு பலரும் கொண்டுபோகும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அதில் 84 வாட்-மணி இருக்கிறது. மைனஸ் 18 பாகையில் அதில் பாதியளவுதான் கைக்கு வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 42 வாட்-மணியை ஏழு வாட்டால் வகுத்தால் ஆறு மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு அது போதும்.

இதே பற்றரியில் அந்த ஐந்து மீற்றர் ஸ்ட்ரிப்பை முழுதாகக் கொளுவினால் என்ன ஆகும்? மீற்றருக்கு 60 குமிழ் உள்ள 5050 ரகம், மீற்றருக்கு 14.4 வாட் குடிக்கும். ஐந்து மீற்றருக்கு 72 வாட், அதாவது 6 அம்பியர். வீட்டுக்குள் வைத்தே இந்தப் பற்றரி ஒரு மணி நேரம் தாங்காது. ஏரியில் துளை போட்டு முடிப்பதற்குள் மங்கத் தொடங்கிவிடும். நானும் முதல் வருடம் கூடாரத்தின் நான்கு பக்கமும் சுற்றிக் கட்டித் திருவிழாப் பந்தல் மாதிரி வைத்திருந்தேன். விடிவதற்குள் பந்தல் இருண்டுபோனது.

அதற்காக ஸ்ட்ரிப் கூடாது என்று சொல்லவில்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் மூன்று குமிழுக்கு ஒரு இடத்தில் வெட்டும் கோடு போட்டிருப்பார்கள். அரை மீற்றர் வெட்டி எடுங்கள். ஏழு வாட், உங்களுக்குக் கச்சிதம். மிச்சத்தை இன்னும் ஒன்பது பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வாங்கும்போது மேலுறை சிலிக்கோனா என்று பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை குளிரில் குச்சிபோல் விறைத்து, மடக்கும்போது வெடிக்கும். ஈரத்துக்கு ஐபி65 அல்லது ஐபி67 என்ற குறி இருக்கவேண்டும். ஹீட்டரில் புரொப்பேன் எரியும்போது நீராவியும் உண்டாகும். அது கூரையில் உறைந்து, கூடாரம் சூடாகும்போது சொட்டுச் சொட்டாக விளக்கின்மேல்தான் விழும். பின்னால் ஒட்டியிருக்கும் பசையை நம்பவேண்டாம், உறைந்த துணியில் அது பிடிக்காது. என்னுடையது கழன்று நேரே துளைக்குள் போனது. வெல்க்ரோப் பட்டியால் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே இரண்டு அல்லது மூன்று அம்பியர் ஃபியூஸ் ஒன்று போட மறக்கவேண்டாம். ஒரு டொலர் சாமான்தான். ஆனால் நசுங்கிய வயர் ஒன்றோடொன்று தொட்டால், நைலோன் கூடாரத்துக்கும் நெருப்புக்கும் இடையில் நிற்பது அது ஒன்றுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வாங்கினால் அதை மீன் காட்டும் கருவியின் பற்றரியில் பொருத்தாதீர்கள். மலிவான டிம்மர்கள் கருவியின் திரையில் இல்லாத மீன்களையெல்லாம் காட்டும்.

லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். எடை ஏறக்குறைய பாதி, குளிரிலும் ஈயத்தைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், விலை கூட. சறுக்குவண்டியை இரண்டு கிலோமீற்றர் கையால் இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த எடைக் குறைவு பெரிய உதவி. ஒரே ஒரு எச்சரிக்கை: பூச்சியம் பாகைக்குக் கீழே இருக்கும்போது எந்த லிதியம் பற்றரியையும் சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே உலோக லிதியம் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்து, கை வைத்தால் குளிராதபோது சார்ஜரில் போடுங்கள். சார்ஜரில் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயப் பற்றரிக்கு வேறொரு நோய். முழுதாக இறங்கிய நிலையில் வாகனத்தில் விட்டுவிட்டால் மைனஸ் ஏழு எட்டுப் பாகையிலேயே உள்ளே உறைந்து வெடிப்பு விழும்.

வீட்டில் கம்பியில்லாத ட்ரில் இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அதே நிறுவனம் அந்தப் பற்றரியில் எரியும் சின்ன வேலை விளக்கு ஒன்றும் விற்கும், அதை மட்டும் வாங்குங்கள். 18 வோல்ட், 4 அம்பியர்-மணிப் பற்றரியில் 72 வாட்-மணி இருக்கிறது. இப்போது பலர் பனி துளைப்பதே ட்ரில்லில்தான், பற்றரி எப்படியும் கூடவே வரும். மிச்சமாகும் பணத்தில் ஆளுக்கொரு தலைவிளக்கு வாங்கலாம். கூரை விளக்கு எவ்வளவு நல்லதானாலும் உங்கள் கைநிழல் கைமேலேயே விழும். தங்கூசி நரம்பில் முடிச்சுப் போடும்போது தெரியும். தலைவிளக்குக்குச் சாதாரண அல்கலைன் பற்றரி வேண்டாம், குளிரில் உடனே படுத்துவிடும். மீள்சார்ஜ் செய்ய முடியாத லிதியம் பற்றரி போடுங்கள். மைனஸ் 40 வரை தாங்கும்.

நண்பர் சொன்ன காஸ் விளக்குக்கு வருவோம். அவர் சொல்வது பாதி உண்மை. பெட்ரோமாக்ஸ் கொளுத்திய அறையில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். எல்ஈடிக்கு மாறினால் அந்தச் சூடு கிடைக்காது, ஹீட்டர்தான் வேண்டும். ஆனால் மூடிய கூடாரத்தில் ஹீட்டரும் விளக்கும் என்று இரண்டு சுவாலை எரிவது எனக்குச் சம்மதமில்லை. ஹீட்டர் ஒன்றோடு நிறுத்துங்கள், காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள், கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கொண்டுபோங்கள். வீட்டுக்கு விற்கும் அலாரங்கள் பல நான்கு பாகைக்குக் கீழே வேலை செய்யும் என்று உறுதி தருவதில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீருக்குள் இறக்கும் பச்சை எல்ஈடி விளக்கு 45 டொலருக்குப் போட்டிருக்கிறார்கள். மீன் தானாக வந்து குவியும் என்று விளம்பரம். உண்மையா?
– பேரி வாசகர்

பதில்: வரும். வெளிச்சத்தைத் தேடி மிதவை உயிரிகள் வரும், அவற்றைத் தின்னச் சிறு மீன், சிறு மீனைத் தின்னப் பெரிய மீன். உங்களைத் தேடி இயற்கைவள அதிகாரியும் வருவார். ஒன்ராறியோவில் செயற்கை ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பது சட்டவிரோதம். தூண்டிலில் பூட்டிய போலி இரையிலேயே விளக்கு ஒரு பாகமாக இருந்தால் குற்றமில்லை. கைவலையால் ஸ்மெல்ற், வைற்ஃபிஷ், லேக் ஹெரிங் அள்ளும்போதும் விலக்கு உண்டு. நீங்கள் அந்த இரண்டிலும் சேரமாட்டீர்கள். கடையில் விற்கிறார்களே என்று கேட்கலாம். அதை அனுமதிக்கும் இடங்களும் உலகில் உண்டு, கடைக்காரர் எல்லோருக்கும்தான் விற்பார். கூடாரத்துக்குள் உங்களுக்காக எரியும் விளக்குக்கு இந்தத் தடை பொருந்தாது. மீனைக் கவர வேண்டுமென்றால் இருளில் ஒளிரும் போலி இரையும், அதற்கு ஒளியேற்ற ஒரு சின்னப் புறஊதா டோர்ச்சும் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து அந்தப் பச்சை விளக்கின் விலையில் பாதிகூட வராது.

கேள்வி: “எந்தக் கூடாரத்திலும் ஒட்டும்” என்று பெட்டியில் எழுதிய காந்த விளக்கு வாங்கினேன். என் கூடாரக் கம்பியில் ஒட்டவேயில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– மார்க்கம் வாசகர்

பதில்: மடக்குக் கூடாரங்களின் கம்பி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், சறுக்குவண்டியோடு கவிழ்த்து மூடும் கூடாரங்களில் பெரும்பாலும் அலுமினியம். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. வீட்டிலேயே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கும் காந்தப் பொம்மை ஒன்றைக் கம்பியில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சரி, வாங்கியாயிற்று.

மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடை பொருளைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்லவில்லை. அது கடையின் சொந்த விதி, பற்றுச்சீட்டின் பின்னால் இருக்கும். உங்கள் விவகாரம் அதுவல்ல. பெட்டியில் எழுதியிருப்பது பொய். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை மாகாண நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது. அதைக் காட்டி வாங்கிய ஒரு வருடத்துக்குள் எழுத்து மூலம் கொள்முதலை ரத்துச் செய்யலாம். பெட்டியின் அந்த வரியையும் ஒட்டாத கம்பியையும் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கவுண்டரில் நின்று வாதாடினால் தொண்டைதான் வற்றும். அதற்கும் மசியவில்லையென்றால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடலாம். கடன் அட்டையில் வாங்கியிருந்தால் அட்டை நிறுவனத்திடமும் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளையா, மஞ்சளா, சிவப்பா?
– கெஸ்விக் வாசகர்

பதில்: பெட்டியில் ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் போட்டிருப்பார்கள், 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல் போதும். 6500 கெல்வின் நீல வெள்ளை, வெளியே வெண்பனியைப் பார்த்துக் கூசிய கண்ணை உள்ளேயும் குத்தும். சிவப்பு, இரவில் அடிக்கடி வெளியே போய் இன்னொரு தூண்டிலைப் பார்க்கிறவர்களுக்கு உதவும். இருளுக்குப் பழகிய கண் கெடாது. பகலில் ஆழமில்லாத இடத்தில் துளைக்குள் குனிந்து மீனைப் பார்த்துப் பிடிப்பதாக இருந்தால் எந்த நிறமும் வேண்டாம், விளக்கை அணைத்துவிடுங்கள். பனிக்கட்டி வழியாக இறங்கும் பகல் வெளிச்சத்தில் தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல் தெரியும். கூடாரத்தை உள்ளே கறுப்பாகச் செய்திருப்பதும் அதற்குத்தான்.