ஆர்எக்ஸ் 100-ஐ டிராக் ரேஸுக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: சார், என்னிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக் ரேஸில் (நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும் ‘drag’ பந்தயம்) ஓட்ட ஆசை. முதலில் எதை மாற்றலாம்? போர் (சிலிண்டரின் உள்விட்டம்) பெரிதாக்கவா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, போரைத் தொடாதீங்க, முதலில் பின்பக்க ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல் சக்கரத்தைப் பாருங்க. பல் கூடினால் புறப்படும்போது இழுவை ஏறும், டாப் ஸ்பீடு குறையும். 402 மீட்டர் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது நாலாவது கியரில் இன்ஜின் 7,500 ஆர்பிஎம் பக்கத்தில் இருக்கிற மாதிரி பல் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தாலே நேரம் நன்றாக இறங்கும்.

அடுத்தது எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது நடுவில் வயிறு பெருத்த ரேஸ் சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர்தான் பாதி இன்ஜின், வெளியே தப்பி ஓடும் புது பெட்ரோல் கலவையை அழுத்த அலையால் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளுவது அதுதான். அதை மாட்டிவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) அப்படியே விட்டுவிடாதீங்க! ஸ்பார்க் பிளக் நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நல்ல இன்ஜின்கள் இப்படிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அப்புறம் கிளட்ச், டயர் காற்று, நூறு கிலோ வண்டியில் உங்க உடம்பு எடை, எல்லாம் கணக்கு.

ஒன்று மட்டும் கேளுங்க. எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி சோதித்துப் பார்க்காதீங்க, அங்கே கன்டெய்னர் லாரி விளக்கில்லாமல் நிற்கும். வண்டியை டெம்போவில் ஏற்றி பந்தயத் தளத்துக்கே கொண்டு போங்க.