ஒரு பெயரெச்சத்திலிருந்து தொடங்குங்கள்: புதிய தொடரியல் கோட்பாடுகளைக் கற்க ஒரு வழி

கேள்வி: தமிழில் முதுகலை முடித்துவிட்டு, தொடரியலில் (சொற்கள் வாக்கியமாக இணையும் முறையை ஆராயும் துறையில்) முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். 1957இல் வெளிவந்த, அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் நூலில் தொடங்கி வரிசையாகப் படித்து வந்தேன். 1981இன் கவர்ன்மென்ட்-பைண்டிங் கோட்பாட்டுக்கு வந்தபோது கலைச்சொற்களைத் தாண்டி எதுவும் மனத்தில் நிற்கவில்லை. இதற்கிடையில் எல்.எஃப்.ஜி. (லெக்சிகல் ஃபங்ஷனல் கிராமர்), எச்.பி.எஸ்.ஜி. (ஹெட்-டிரிவன் ஃபிரேஸ் ஸ்ட்ரக்சர் கிராமர்) என்று வேறு கோட்பாடுகளும் இருப்பதாக அறிகிறேன். எதை, எந்த வரிசையில் படிப்பது? நான் கற்ற மரபிலக்கணம் இதற்கு உதவுமா, தடையாகுமா?

பதில்: நீங்கள் திணறியதற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு அன்று, நீங்கள் தேர்ந்துகொண்ட வரிசை. 1957, 1965, 1981, 1995 என்று சாம்ஸ்கியின் நூல்களை ஆண்டு வரிசையில் படிப்பவர், ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தில் அரும்பாடுபட்டுக் கற்ற பாதியைக் கைவிட வேண்டியிருக்கும். 1957இல் செயப்பாட்டு வினைக்கென்று தனியாக ஒரு மாற்று விதி இருந்தது. 1981இல் அப்படித் தனி விதி எதுவும் இல்லை; உறுப்புகளை நகர்த்தும் ஒரே பொது விதியும் அதற்கான கட்டுப்பாடுகளும் மட்டும் இருந்தன. நாம் கேட்கும் வாக்கியத்துக்கு அடியில் இருப்பதாகக் கொண்டு 1965இல் நடுநாயகமாக விளங்கிய புதைநிலை அமைப்பு, 1995இன் மினிமலிசத் திட்டத்தில் கைவிடப்பட்டது. இந்த மாற்றங்கள் ஏன் நேர்ந்தன என்பது அருமையான வரலாறுதான். ஆனால் எந்தச் சிக்கலுக்காக அவை நேர்ந்தன என்று தெரிந்தவருக்கே அந்த வரலாறு பொருள் தரும். ஆகவே முதலில் ஒரு சிக்கலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பல கோட்பாடுகளிடமும் அந்த ஒரே சிக்கலைக் கொண்டுபோய், ஒவ்வொன்றும் அதற்கு என்ன விடை சொல்கிறது என்று கேளுங்கள். என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் வழி இதுவே.

தமிழ் படித்த ஒருவருக்கு இதற்கு மிகப் பொருத்தமான சிக்கல், ஒரு பெயரைக் கொண்டு முடியும் எச்சவினையான பெயரெச்சம் என்பது என் கருத்து. 'கத்தியால் பழத்தை வெட்டினேன்' என்ற தொடரிலிருந்து 'நான் பழத்தை வெட்டிய கத்தி' என்று சொல்ல முடிகிறது. 'பள்ளிக்கூடத்தில் படித்தேன்' என்பதிலிருந்து 'நான் படித்த பள்ளிக்கூடம்' கிடைக்கிறது. இரண்டிலும் வேற்றுமை உருபு காணாமல் போகிறது. ஆனாலும் கத்தி கருவி என்பதும் பள்ளிக்கூடம் இடம் என்பதும் கேட்பவருக்கு ஐயமின்றி விளங்குகின்றன. இப்போது 'நண்பனோடு ஊருக்குப் போனேன்' என்பதை அதே முறையில் மாற்றிப் பாருங்கள். 'நான் ஊருக்குப் போன நண்பன்' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். 'என்னோடு ஊருக்கு வந்த நண்பன்' என்று தொடரையே திருப்பிப் போட்டுத்தான் சொல்வார். ஆலும் ஓடுவும் மரபிலக்கணத்தில் ஒரே மூன்றாம் வேற்றுமையின் உருபுகள். கருவிப் பொருளுக்குத் திறக்கும் கதவு, 'ஒருவரோடு சேர்ந்து' என்ற உடனிகழ்ச்சிப் பொருளுக்கு மூடிக்கொள்கிறது என்றால், பெயரெச்சத்தை முடிவு செய்வது வேற்றுமையின் எண்ணிக்கை அன்று, வேறு ஏதோ ஒன்று என்பது தெளிவாகிறது.

இங்கே உங்கள் மரபிலக்கணப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கிறது. தொல்காப்பிய வினையியல் 'நிலனும் பொருளும் காலமும் கருவியும் வினைமுதற் கிளவியும் வினையும்' என்று பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை ஆறு வகையாக வரையறுக்கிறது. உரையாசிரியர்கள் 'வாழும் இல், கற்கும் நூல், துயிலும் காலம், வனையும் கோல்' என்று எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் உடனிகழ்ச்சி இல்லை என்பதைக் கவனியுங்கள். இருபதாம் நூற்றாண்டில் மொழியியலாளர்கள் கீனனும் காம்ரியும் 1977இல் பல மொழிகளை ஒப்பிட்டு, எழுவாய், நேர்ச் செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள், பிற வேற்றுமைப் பெயர், உடைமைப் பெயர், ஒப்பீட்டுப் பெயர் என்று ஓர் ஏணியை அமைத்தார்கள். ஒரு மொழி இந்த ஏணியில் எந்தப் படி வரை பெயரடைத் தொடரை (தமிழில் பெயரெச்சத் தொடர் போல, ஒரு பெயருக்கு அடையாக வரும் தொடரை) உருவாக்க இடம் தருகிறது என்பதே அவர்களின் கேள்வி. தொல்காப்பியரும் ஏறத்தாழ இதே வகையான கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் அவர் தேர்ந்த அலகு வாக்கிய உறுப்பு அன்று, வினையோடு பெயருக்குள்ள பொருள் உறவு. இந்த இரண்டு அலகுகளில் எது தமிழுக்குப் பொருந்துகிறது என்பது இன்றும் உயிரோடிருக்கும் ஆய்வுக் கேள்வி.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். உடனிகழ்ச்சி கூடாது என்று நான் வகுப்பில் எழுதிப்போட்ட ஒரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஐயா, 'நான் சண்டை போட்ட பையன்' என்று சொல்கிறோமே, அது பையனோடு போட்ட சண்டைதானே?" என்று கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சண்டை என்றால் எதிராளி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த 'ஓடு' வினையே கேட்டு வாங்குவது. ஊருக்குப் போவதற்குத் துணை தேவையில்லை. அங்கே 'ஓடு' நாமாகச் சேர்ப்பது. அப்படியானால் வினை கேட்கும் உறுப்புகளுக்கு மட்டும்தான் பெயரெச்சம் இடம் தருகிறது என்று விதியைத் திருத்தலாமா? திருத்தினால் கத்தியும் பள்ளிக்கூடமும் இடிக்கும். வெட்டு என்னும் வினை கத்தியைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு சான்று ஒரு விதியை உடைக்கிறது; திருத்திய விதியை முந்தைய சான்று உடைக்கிறது. தொடரியல் என்ற துறையின் அன்றாட வேலை இதுதான். இதை ஒரு முறை தானாகச் செய்து பார்த்தவருக்குக் கோட்பாட்டு நூல்களின் பக்கங்கள் அதன் பிறகு அச்சுறுத்துவதில்லை.

இப்போது கோட்பாடுகளிடம் செல்லலாம். சாம்ஸ்கிய மரபில் 'நான் வெட்டிய கத்தி' என்ற தொடரின் உள்ளே, 'கத்தியால்' என்பது நிற்க வேண்டிய இடத்தில், ஒரு வெற்றிடம் உண்டு. அங்கிருந்து ஓர் உறுப்பு தொடரின் விளிம்புக்கு நகர்ந்திருக்கிறது. நகர்வு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் அதற்கு எல்லைகள் இருக்க வேண்டும். ஜான் ராஸ் 1967இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு அந்த எல்லைகளைத்தான் 'தீவுகள்' என்று அழைத்தது. தீவுக்குள் இருப்பது வெளியே வர முடியாது. 'கடிதம் எழுதிய ஆளை நான் சந்தித்தேன்' என்பது நல்ல தமிழ். அதிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்து 'எழுதிய ஆளை நான் சந்தித்த கடிதம்' என்று சொல்லிப் பாருங்கள். காது உடனே மறுத்துவிடும். ஒரு பெயரெச்சத் தொடருக்குள் இன்னொரு பெயரெச்சத் தொடர் தீவாக நின்று வழியடைக்கிறது என்பது ராஸின் விளக்கம்.

ஜோன் பிரெஸ்னனும் ரொனால்ட் கேப்லனும் 1970களின் இறுதியில் உருவாக்கி 1982இல் விரிவாக வெளியிட்ட எல்.எஃப்.ஜி.யில் எதுவும் நகர்வதில்லை. சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும் கிளை அமைப்பு ஒன்று, எழுவாய் முதலான பணிகளைக் காட்டும் அமைப்பு ஒன்று என இரண்டு தளங்கள் அருகருகே நிற்கின்றன. வெளியே உள்ள கத்தியும் உள்ளே உள்ள கருவிப் பணியும் ஒன்றே என்று ஒரு சமன்பாடு அறிவிக்கிறது. கார்ல் போலார்டும் ஐவன் சாகும் வளர்த்த எச்.பி.எஸ்.ஜி.யிலும் நகர்வு இல்லை. உள்ளே ஒரு பெயர் குறைகிறது என்ற செய்தி, வாக்கியத்தைக் கிளைகளாக வரைந்து காட்டும் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் எழுதப்பட்டு, படிப்படியாக மேலே கடத்தப்பட்டு, கத்தி என்ற பெயரைச் சந்திக்கும் இடத்தில் தீர்ந்துபோகிறது. இந்த மூன்றில் எது சரி என்று முதலிலேயே கேட்காதீர்கள். 'ஊருக்குப் போன நண்பன்' ஏன் கூடாது, 'சண்டை போட்ட பையன்' ஏன் கூடும் என்ற வேறுபாட்டை ஒவ்வொரு கோட்பாடும் எந்த இடத்தில் எழுதி வைக்கும் என்று கேளுங்கள். முதலாவது அதை மரத்தில் அந்த உறுப்பு நிற்கும் உயரத்தில் தேடும். இரண்டாவது, சமன்பாடு அனுமதிக்கும் பணிகளின் பட்டியலில் தேடும். மூன்றாவது, வினைச்சொல்லின் அகராதிப் பதிவில் தேடும். கோட்பாடுகள் வேறுபடுவது பெரும்பாலும் இப்படித்தான்: எல்லோரும் ஒரே உண்மையை விளக்க வேண்டியிருக்கிறது, அதற்கான சுமையை இறக்கி வைக்கும் இடம்தான் மாறுகிறது.

நான்காவது ஒரு பார்வையும் உண்டு. தமிழ் மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 'மீன் பொரிக்கிற வாசனை' என்று வீட்டில் சொல்கிறோம். இதில் வாசனை பொரிப்பவரும் அன்று, பொரிக்கப்படுவதும் அன்று, பொரிக்கும் கருவியும் அன்று. உள்ளே வெற்றிடமே இல்லை. வெற்றிடம் இல்லையென்றால் நகர்வும் இல்லை, மேலே கடத்தச் செய்தியும் இல்லை. ஜப்பானிய மொழியிலும் இதே தொடர் இயல்பாக வழங்குகிறது. யோஷிகோ மட்சுமோட்டோ 1997இல் வெளியிட்ட நூலில், இத்தகைய தொடர்களை வினை நம் மனத்தில் எழுப்பும் காட்சியைக் கொண்டே விளக்க வேண்டும் என்று வாதிட்டார். காம்ரியும் 1998இல், ஆசிய மொழிகள் பலவற்றின் பெயரடைத் தொடர்களை ஐரோப்பிய மொழிகளின் அச்சில் வார்க்கக் கூடாது என்று எழுதினார். நம் உரையாசிரியர்கள் காட்டும் 'ஆறு சென்ற வியர்' இதே வகையைச் சேர்ந்தது: வழி நடந்ததால் உண்டான வியர்வை. வியர்வை நடக்கவில்லை. தொல்காப்பியர் சொன்ன ஆறு வகைப் பொருளுக்குள் எளிதில் அடங்காத இந்தத் தொடரை அவர்கள் கண்டும் காணாததுபோல் விட்டுவிடாமல் எடுத்துப் பேசினார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் செய்தி.

மரபிலக்கணம் தடையாகும் இடமும் ஒன்று உண்டு. எழுவாய் என்பது மரபில் முதல் வேற்றுமையின் பெயர். புதிய தொடரியலில் அது வாக்கியத்தில் ஓர் உறுப்பு வகிக்கும் இடம். 'குமாருக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்' என்பதில் குமார் நான்காம் வேற்றுமையில் இருக்கிறான். வினையோ அவனோடு இயைவதில்லை. ஆனால் 'தன்' அவனையே சுட்டுகிறது. அப்படிச் சுட்டப்படுவது வழக்கமாக எழுவாய்க்கு உரிய இயல்பு. மலையாளத்தில் இத்தகைய தொடர்களை கே.பி. மோகனன் 1982இல் எல்.எஃப்.ஜி. வழியில் ஆராய்ந்திருக்கிறார். பழைய சொல்லைப் புதிய பொருளில் படிக்கும்போது ஓரத்தில் ஒரு குறி இட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் நான்கு மாதங்களுக்கு ஒரே ஓர் அறிமுகப் பாடநூலை எடுத்துக்கொண்டு, பயிற்சிகளைத் தாளில் செய்யுங்கள். ஆண்ட்ரூ கார்னியின் அறிமுக நூல் இதற்கு நன்றாகப் பயன்படும். மரம் வரையாமல் அதைப் படிப்பதில் பயனில்லை. கோட்பாடுகளை ஒப்பிடும் நிலைக்கு வந்த பிறகு, லாங்வேஜ் சயின்ஸ் பிரஸ் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஸ்டெஃபான் முல்லரின் பெருநூலைத் திறக்கலாம். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டியதில்லை. செயப்பாட்டு வினையும், ஓர் உறுப்பு தன் இடத்திலிருந்து தொலைவில் நிற்கும் நெடுந்தொலைவுத் தொடர்பும் கோட்பாட்டு இயல்களில் எப்படிக் கையாளப்படுகின்றன என்று மட்டும் பாருங்கள். தமிழ்ச் சான்றுகளுக்குத் தாமஸ் லெஹ்மன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் மேசையில் இருக்கட்டும். கணிதம் என்று அஞ்ச வேண்டாம். கணம், சார்பு, மர வரைபடம், எளிய தருக்கம் ஆகியவை தெரிந்தால் தொடங்கிவிடலாம். புதிய கட்டுரைகள் பலவும், மொழியியல் கட்டுரைகளைப் பகிரும் லிங்பஸ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கடினமாக இருந்தால், கட்டுரையின் எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படித்துவிட்டுப் பிறகு விளக்கத்தைப் படியுங்கள்; வாதம் பாதிக்கு மேல் எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கிறது.

தனியாகப் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம், ஐதராபாத்தில் இஃப்ளு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியலை முறையாகக் கற்கலாம். சேர்வதற்கு முன் அங்குள்ள ஆசிரியர்கள் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்து, எந்தக் கோட்பாட்டில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஆழமாகக் கற்கப்போகும் முதல் கோட்பாடு, பெரும்பாலும் உங்கள் வழிகாட்டியின் கோட்பாடாகவே அமையும். அதில் தவறில்லை, ஒன்றில் ஆழ்ந்தவருக்கு இரண்டாவது விரைவில் வசமாகும்.

சான்று சேர்க்கும்போது, 'இது சரியா?' என்று யாரையும் கேட்காதீர்கள். படித்தவர்கள் பள்ளி இலக்கணத்தை நினைத்துக்கொண்டு விடை சொல்வார்கள். ஒரு சூழலைச் சொல்லி, 'இந்த இடத்தில் இப்படிச் சொல்வீர்களா?' என்று பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள். பேசுபவரின் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் பயிற்சி இது. ஜப்பானிய மொழியில் 'அணிந்திருக்கும் உடை அழுக்காயிருக்கும் கனவான்' என்ற அமைப்பில் சொல்ல முடியும் என்று மொழியியலாளர் சுசுமு குனோ 1973இல் காட்டினார். ராஸின் தீவு விதிப்படி அது கூடாது. தமிழில் 'போட்டிருக்கிற சட்டை கிழிஞ்ச பையன்' என்பதைப் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். கூடவே 'சட்டை கிழிஞ்ச பையன்' என்பதையும், மேலே கண்ட கடிதத் தொடரையும் கேளுங்கள். சட்டைத் தொடர்களை ஏற்றுக்கொண்டு கடிதத்தை மறுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு, பையன் உள்ளே இருந்த வெற்றிடத்திலிருந்து வெளியே வந்தானா, அல்லது சட்டைக்கு உரியவனாக வெளியிலேயே நின்றானா என்பதை, இரண்டு மரங்களை அருகருகே வரைந்து எழுதிப் பாருங்கள்.