யாருக்கும் பயன்படாத களைச்செடியில் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? கோதுமையிலேயே நேரடியாகச் செய்தால் என்ன?

கேட்டவர் சொல்வது அராபிடாப்சிஸ் செடியை. அதோடு ஐந்தரை வருடம் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கடுகுக் குடும்பத்துச் செடிதான், ஆனால் அந்தக் குடும்பத்தில் உருப்படாத பிள்ளை. சாண் உயரம் வளரும், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ விடும், அவ்வளவுதான். ஆனால் விதைத்த ஆறு வாரத்தில் அடுத்த தலைமுறை விதை கைக்கு வந்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தரும். கோதுமையில் ஒரு தலைமுறைக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் உதவித்தொகை தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மரபணுத் தொகுதி. அராபிடாப்சிஸின் மரபணுத் தொகுதி சுமார் 13.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள்தான். செடிகளில் முதன்முதலாக, 2000-ல் படித்து முடிக்கப்பட்டது அதுதான். ரொட்டிக் கோதுமைக்கு 1,600 கோடி அளவில் இருக்கிறது. அதுவும் மூன்று மூதாதைப் புற்களின் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று தெரிய அதைக் கெடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். கோதுமையில் ஒன்றைக் கெடுத்தால் மற்ற இரண்டும் கமுக்கமாக அந்த வேலையைப் பார்த்துவிடும். செடி ஒன்றுமே நடக்காதது போல நிற்கும்.

சரி, களையில் கண்டுபிடித்தது வயலுக்கு என்ன உதவும்? எனக்குப் பிடித்த உதாரணம் குட்டைக் கோதுமை. பழைய உயரமான ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் முதலானவர்கள் நோரின் 10 என்ற ஜப்பானிய ரகத்தின் குட்டைத்தன்மையைப் புதிய ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். 1960-களில் விளைச்சல் எகிறியதற்கு அது முக்கியக் காரணம். 1970-ல் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் குட்டை மரபணு உள்ளே என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. உலகமே விதைத்துக்கொண்டிருந்தது, காரணம் மட்டும் தெரியாது!

அதே சமயம் அராபிடாப்சிஸிலும் ஒரு குட்டைச் செடி இருந்தது. வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரலினைக் கொடுத்தாலும் நிமிராது. அதன் மரபணுவை 1997-ல் பிரித்தெடுத்தார்கள். அது உருவாக்கும் புரதம் ஒரு பிரேக் மாதிரி. ஜிப்ரலின் வந்தால் அந்த பிரேக் அகற்றப்படும், தண்டு நீளும். குட்டைச் செடியில் அந்த பிரேக்கைப் பிடித்து அகற்றத் தேவையான பகுதியே இல்லை. அதனால் எவ்வளவு ஹார்மோன் வந்தாலும் பிரேக் விடாது. 1999-ல் கோதுமையில் தேடிப் பார்த்தால், அங்கேயும் இதே மரபணுவின் உறவுக்காரன்தான் அதே பகுதியில் பழுதாகிக் கிடந்தான்.

இனி என் கதை. அராபிடாப்சிஸ் விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் சுமார் ஐம்பதாயிரம் தேறும். தும்மினால் போச்சு. அதைக் கிருமிநீக்கம் செய்து, ஈரப்படுத்திய பல்குத்தி முனையில் ஒவ்வொன்றாக எடுத்து, அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். அகாரில் கானமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்திருப்போம். அதைத் தாங்கும்படி நாங்கள் நுழைத்த மரபணு இருக்கும் நாற்று பச்சையாக நிற்கும், இல்லாதது வெளுத்துவிடும். ஓர் இடத்தில் மட்டும் நுழைந்திருந்தால் மூன்று பச்சைக்கு ஒரு வெளுப்பு வரும், மெண்டல் கணக்கு. ஒருமுறை தட்டு முழுக்கப் பச்சை. அடுத்த தட்டும் அப்படியே. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் மிதந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அகாரில் கானமைசினே கலக்கவில்லை.

அதற்காக இந்தச் செடி சர்வரோக நிவாரணி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பயிர்களின் வேர் மைக்கோரைசா பூஞ்சைகளோடு கூட்டு வைத்துப் பாஸ்பரஸ் வாங்கிக்கொள்ளும். அராபிடாப்சிஸ் அந்தக் கூட்டுக்கே வராது. அதை ஆராய வேறு செடிக்குத்தான் போக வேண்டும். விலங்கு பக்கமும் இதே கதைதான். நரம்பில் மின்சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் கணவாயை எடுத்தார்கள், ஏனென்றால் அதன் ராட்சத நரம்பிழைக்குள் மின்முனையையே நுழைக்கலாம். ஆனால் கணவாயை ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து மரபியல் செய்வது பெரும்பாடு. அதற்குப் பழ ஈயும் நூற்புழுவும்தான் சரி.

ஆனால் உங்கள் கேள்வி இருபது வருடத்துக்கு முன்பு கேட்டதைவிட இன்றைக்கு நியாயமானது. 2014-லேயே கோதுமையில் சாம்பல் நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு மரபணுவின் மூன்று வடிவங்களையும் ஒருசேரத் திருத்திக் காட்டினார்கள். 2018-ல் கோதுமையின் மரபணுத் தொகுதியும் முறையாக வெளியானது. இப்போது பிஎச்டி தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால் கோதுமையையே எடு என்பேன். விதையையாவது கண்ணால் பார்க்கலாம்.