சாவியா, பூட்டா, சுவிட்சா?
வாசகர் கேள்வி-பதில்: பழைய கார் பராமரிப்பு

கேள்வி: ஐம்பது வயதைத் தாண்டிய கார். சாவியைப் போட்டு நாலைந்து முறை ஆட்டினால்தான் இக்னிஷன் திரும்புகிறது. சில சமயம் இன்ஜின் ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடுகிறது. பூட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் சாவியைப் பாருங்கள். பல்லின் முனைகள் மழுங்கி வழவழப்பாகத் தெரிந்தால் பாதிக் குறை அங்கேதான். அதிகம் புழங்காத ஸ்பேர் சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள். அது தயங்காமல் திரும்பினால் பூட்டு பிழைத்தது. தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். சாவியின் தலையிலோ பூட்டின் உடம்பிலோ குறியீட்டு எண் பொறித்திருந்தால், அந்த எண்ணை வைத்துப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் பூட்டு (சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங்கைத் திரும்பாமல் பிடிக்கும் பூட்டு) உள்ள வண்டியில் சாவி திரும்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறுத்திய சக்கரம் ஒரு பக்கமாக அழுத்தி, பூட்டுத் தண்டு இறுகி நிற்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விடுபடும். இது தேய்மானம் அல்ல.

ஓடும்போது சாவி வெளியே வருவது வேறு கதை. பூட்டின் உருளைக்குள் வரிசையாக இருக்கும் பித்தளைத் தகடுகள்தான் சாவியைப் பிடித்து வைக்க வேண்டும். அவை தேய்ந்ததால்தான் வழுக்கி வருகிறது. ஸ்டீயரிங் பூட்டு இருக்கும் வண்டியை இந்த நிலையில் ஓட்டவே வேண்டாம். வளைவில் ஸ்டீயரிங் இறுகினால் செய்வதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: சாவி நன்றாகத் திரும்புகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது.

பதில்: பூட்டைத் தொடாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் மின் சுவிட்சைப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு உறுப்புகள், பல வண்டிகளில் தனித்தனியாகவே கழற்றலாம். ஸ்டார்ட் நிலையில் மின்சாரம் ஒரு வழியில் போகிறது, ஓடும் நிலையில் இன்னொரு வழியில். நீங்கள் சொல்வது ஓடும் நிலையின் தொடர்பு முனை கருகியதன் அடையாளம். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் வழியில் பாலஸ்ட் ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைக்கும் தடை) இருக்கும் வண்டியானால் அது அறுந்தாலும் இதே கோளாறுதான், அதையும் சோதியுங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை சுவிட்சுக்கு பேட்டரி மின்சாரம் வரும் இடத்திலும் மற்றதை இக்னிஷனுக்குப் போகும் இடத்திலும் வையுங்கள். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும். 0.2 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்ச் மாற்ற வேண்டியதுதான். ஜெர்மானிய முறை எண்களிட்ட சுவிட்சில் 30 பேட்டரி, 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட்டர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டர்.

கேள்வி: டேஷ்போர்டில் உள்ள பூட்டை நானே கழற்றி மாற்ற வேண்டும். வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: பேட்டரியில் எர்த் வயரை (வண்டியின் உடம்போடு இணைவதை) முதலில் கழற்றுங்கள். உடம்போடு பாசிட்டிவ் முனை இணைந்த, பாசிட்டிவ் எர்த் வண்டியானால் பாசிட்டிவ் முனையைத்தான். சுவிட்சுக்கு வரும் பேட்டரி வயர் எப்போதும் உயிரோடு இருக்கும், பல வண்டிகளில் அதற்கு ஃப்யூஸ்கூட இருக்காது. ஸ்பேனர் ஒருமுறை பட்டாலே வயர் எரிந்துவிடும்.

பின்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு, வயர் ஒவ்வொன்றிலும் ஒட்டுத் தாள் சுற்றி எழுதி வையுங்கள். பழைய வயரின் உறை உடையும்; வயரைப் பிடித்து இழுக்காமல், முனையைப் பிடித்து உருவுங்கள்.

சாவியைப் போட்டு, பெரும்பாலான வண்டிகளில் ஆக்சஸரி நிலைக்கு (இன்ஜின் இல்லாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை) திருப்ப வேண்டும். பூட்டின் முகத்தில் சிறு துளை ஒன்று இருக்கும். நிமிர்த்திய காகித கிளிப் போன்ற விறைப்பான கம்பியை அதில் விட்டு அழுத்துங்கள். ஸ்பிரிங் அமுங்குவது விரலுக்குத் தெரியும். அழுத்தியபடியே சாவியை இன்னும் கொஞ்சம் இடப்புறம் திருப்பினால் உருளை முன்னால் வந்துவிடும். வரவில்லையென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்: துளையில் தூசியோ பெயின்ட்டோ அடைத்திருக்கும், அல்லது சாவி ஒன்றிரண்டு டிகிரி தள்ளி நிற்கும். சாவியை நூல் அளவு ஆட்டிக்கொண்டே மறுபடி அழுத்துங்கள். பலம் காட்டாதீர்கள். உறை வார்ப்பு அலாய், விரிசல் விட்டால் சரிசெய்ய வழியில்லை.

சுவிட்சையும் எடுக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் வளைய நட்டைக் கழற்ற வேண்டும். அதன் வெட்டுகளில் பொருந்தும் கருவியைப் பயன்படுத்துங்கள்; ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டினால் குரோமும் போகும், டேஷ்போர்டும் கீறும்.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருளையின் நீளம், பின்வாலின் வடிவம், எத்தனை நிலைகள் என்று மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும் சுவிட்சுகளில் பின்னால் முனைகளின் வரிசை மாறியிருக்கும். அதனால் இடத்தை நம்பி மாட்டாதீர்கள், எந்த முனை என்ன வேலை என்று பார்த்து மாட்டுங்கள்.

நட்டை இறுக்கும் முன், கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியை இணைத்துச் சோதியுங்கள். ஆனில் சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். ஸ்டார்ட் நிலையில் கையை விட்டதும் சாவி தானாகத் திரும்பி வர வேண்டும். இதை நாலைந்து முறை பாருங்கள். திரும்பி வராமல் நின்றால் ஸ்டார்ட்டர் இன்ஜினோடு பிணைந்தே சுற்றி எரிந்துபோகும்.

கேள்வி: ஸ்டீயரிங் தண்டில் உள்ள பூட்டை இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் போல்ட்டுக்குத் தலையே இல்லை.

பதில்: திருடர்கள் கழற்றக் கூடாதென்று, இறுக்கியதும் தலை முறிந்துவிடும்படி செய்த போல்ட்கள் அவை. நடுவில் சென்டர் பஞ்சால் குழி போட்டு, 3 மி.மீ. துளையிட்டு, இடப்புறம் சுற்றும் துளை முனையையோ எக்ஸ்ட்ராக்டரையோ (முறிந்த போல்ட்டைக் கவ்விச் சுற்றி எடுக்கும் கருவி) செலுத்தினால் கழன்று வரும். உளியால் ஓங்கி அடிப்பது வேண்டாம். மோதலில் மடங்கும்படி அமைந்த ஸ்டீயரிங் தண்டானால் அடியில் கெட்டுவிடும்.

புதிய போல்ட்களை முதலில் லேசாக மட்டும் இறுக்குங்கள். பூட்டுத் தண்டு துளைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சாவி ஆனில் இருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள், எங்கும் உரசக் கூடாது. சாவியை எடுத்ததும் பிடிக்க வேண்டும், மறுபடி போட்டுத் திருப்பியதும் விட வேண்டும். எல்லாம் சரியென்றால் மட்டும் தலை முறியும்வரை இறுக்குங்கள். முறித்த பிறகு தவறு தெரிந்தால் மறுபடி துளையிடத்தான் வேண்டும்.

கேள்வி: புதிய பூட்டு போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்றாகிவிடாதா?

பதில்: புதிய உருளையின் தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்ப மாற்றிப் போட்டால் ஒரே சாவி போதும். தகடுகளில் உயர வகையைக் குறிக்கும் எண் இருக்கும். சாவியைச் செருகியபோது எல்லாத் தகடும் உருளையோடு சமமாகப் படிய வேண்டும். துருத்தி நிற்பதை அரத்தால் தேய்க்காதீர்கள். திரும்பிவிடும், ஆனால் வேறு சாவிகளுக்கும் திறக்கத் தொடங்கும். ஒரு துணியை விரித்து வைத்துச் செய்யுங்கள், ஸ்பிரிங்குகள் கண்ணில் படாத அளவு சிறியவை.

கேள்வி: பூட்டுக்கு எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். கிராஃபைட் தூளைச் சாவியில் தடவி, பலமுறை செருகி எடுங்கள், அவ்வளவு போதும். கனமான சாவிக்கொத்தை இக்னிஷனில் தொங்கவிடாதீர்கள்.