நீலகிரியில் மண் சரிந்தால் பார்த்துக்கொள்வது அரசின் வேலை மட்டும்தானா?

இல்லை. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர், அது சரி. ஆனால் குன்னூர், கோத்தகிரி சாலைகள் இரண்டும் அடைபட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக எந்த வண்டியும் ஏறாது. தேசிய பேரிடர் மீட்புப் படையின் தளமோ அரக்கோணத்தில். முதல் சில மணி நேரம் ஊர்க்காரர்கள்தான் ஒருவருக்கொருவர் கைகொடுத்தாக வேண்டும்.

2009 நவம்பர் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில், ஒதுங்கப் போகும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா? சாவி, ஜேசிபி ஓட்டுநரின் எண், தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு, இதெல்லாம் மழைக்கு முன்பே நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு மேலுள்ள வடிகாலைத் தூர்வார வேண்டும். ரிசார்ட் கட்டுபவர் ஓடையை மறிக்கக் கூடாது. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது.

உங்கள் பங்கு? வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரைப் பாருங்கள். புது விரிசல், சாயும் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்), திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, எது தெரிந்தாலும் உடனே வெளியேறுங்கள், பக்கத்து வீட்டையும் எழுப்புங்கள். அப்புறம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குச் சொல்லுங்கள்.