பக்கம் ஏறும் நேரம் மைனஸில் வருவது ஏன்?

இணையப் பக்கம் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க, ஜாவாஸ்கிரிப்டின் பெர்ஃபார்மன்ஸ்.டைமிங்கில் உள்ள லோட்ஈவென்ட்எண்டிலிருந்து (ஏறி முடிந்த நேரம்) நேவிகேஷன்ஸ்டார்ட்டை (திறக்கத் தொடங்கிய நேரம்) கழித்தால் மைனஸில் 13 இலக்க எண் வருகிறது என்கிறீர்கள். கணக்கு சரி, படிக்கும் தருணம்தான் தவறு. லோட்ஈவென்ட்எண்டை, பக்கம் ஏறியதும் ஓடும் ஆன்லோடு ஃபங்ஷனுக்குள் நேராகப் படிக்காதீர்கள். படிக்கும் வரியை, வேலையைச் சற்றுத் தள்ளிப்போடும் செட்டைம்அவுட் ஒன்றில் 0 மில்லிசெகண்ட் கொடுத்து அதற்குள் தள்ளிவிடுங்கள்.

உங்கள் ஃபங்ஷன் ஓடி முடிந்த பிறகுதான் பிரவுசர் லோட்ஈவென்ட்எண்டை நிரப்பும். அதுவரை அது 0. நேவிகேஷன்ஸ்டார்ட்டோ 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்டுகள். 0-இலிருந்து அதைக் கழித்தால் வேறென்ன வரும்?

சந்தேகமிருந்தால் இரண்டு இடத்திலும் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். ஆன்லோடுக்குள் 0 வரும், டைம்அவுட்டுக்குள் உண்மையான எண் வரும். டைம்அவுட் சற்றுத் தாமதமானாலும் அளவு கெடாது. நேரத்தைக் குறித்து வைப்பது பிரவுசர், நீங்கள் அதை எடுத்துப் படிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பெர்ஃபார்மன்ஸ்.டைமிங் வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பதிலான கெட்என்ட்ரீஸ்பைடைப்பில் 'நேவிகேஷன்' என்று கேட்டால் கிடைக்கும் முதல் பதிவில் எண்கள் 0-இலிருந்தே தொடங்கும், கழிக்கவே வேண்டாம். ஆனால் அதையும் ஆன்லோடுக்குள் படித்தால் 0 என்று கமுக்கமாக வந்து சராசரியில் கலந்துவிடும். மைனஸ் எண்ணாவது கண்ணை உறுத்தியது!

ஒன்றைக் கவனியுங்கள்: பக்கம் ஏறும்முன் பொறுமையிழந்து மூடிவிட்டுப் போனவர்களின் கணக்கு இந்த முறையில் உங்களுக்கு வந்து சேராது. பின்னணி டேபில் திறந்தவை வீங்கிய எண்களாக வரக்கூடும். பக்கம் கண்ணில் படும் நிலையில் உள்ளதா என்று சொல்லும் விசிபிலிட்டிஸ்டேட்டையும் சேர்த்து அனுப்பி அவற்றைத் தனியே பிரித்தெடுங்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை (மீடியன்) பாருங்கள்.