சென்சார் சரிதான், மூணாறு தண்ணீர்தான் அப்படி

கம்பத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு வெப்பநிலை காட்டும் பெட்டிகளும் செய்து கொடுக்கிறேன். வெப்பநிலை சென்சார் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் இவை.

வண்டன்மேடு, ஸ்டோர்க்காரர்: அண்ணே, 0.1 டிகிரி துல்லியம் என்று சொன்னார்களே என்று டிஎம்பி117 சென்சார் வாங்கினேன். உலர்த்தும் அறைக்கும் ஆபீஸ் ரூமுக்கும் 15 மீட்டர். வயரை இழுத்தவுடன் செத்துவிட்டது.

சென்சார் சாகவில்லை, வயர்தான் நீளம். டிஎம்பி117 பேசுவது ஐ2சி முறையில். அது ஒரே போர்டுக்குள் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக வந்தது. வயர் நீள நீள அதன் மின்தேக்கமும் ஏறும், சிக்னல் மழுங்கிவிடும். ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை.

உங்களுக்கு டிஎஸ்18பி20 என்ற சென்சார் போதும். -10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி முன்பின் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் எண் இருப்பதால் ஒரே வயரில் பலவற்றைக் கோக்கலாம். தட்டுக்கு ஒன்று வையுங்கள். டேட்டா வயருக்கும் பவருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். பவருக்குத் தனி வயர் கொடுங்கள், இரண்டு வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காய் காய்வது 50 டிகிரி சுற்றுவட்டாரத்தில். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவிலேயே சில டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரே இடத்தில் 0.1 தெரிந்து என்ன பயன்? பச்சை நிறம் போவது நீங்கள் அளக்காத தட்டில்தான்.

செங்கோட்டை, மாணவர்: என் டிஎஸ்18பி20 27.0625 என்று காட்டுகிறது. நான்கு தசமம் துல்லியம்தானே?

இல்லை. 0.0625 என்பது அது எண்ணும் படி. தையல்காரரின் டேப்பில் மில்லிமீட்டர் கோடு இருக்கும், டேப்பே இழுபட்டுப் போயிருந்தால்? இதை மாதம் ஒருமுறையாவது எழுதுகிறேன்: தசமம் வேறு, துல்லியம் வேறு.

போடி: ஆன் செய்தவுடன் 85 காட்டுகிறது.

டிஎஸ்18பி20 பவர் வந்ததும் வைத்திருக்கும் எண் அது. 12 பிட்டில், அதாவது அதன் மிக நுணுக்கமான படியில், அளந்து முடிக்க 750 மில்லி விநாடி ஆகும். பொறுத்துப் படியுங்கள்.

மூணாறு: கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். 95தான் காட்டுகிறது. கடைக்காரர் போலியைத் தள்ளிவிட்டாரா?

போலி நிறைய உலவுகிறது, உண்மை. ஆனால் இதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, 100 டிகிரி என்றுதான் நாற்பது வருஷம் சொல்லிக் கொடுத்தேன்.

ஐயா, கடல்மட்டக் காற்றழுத்தத்தில் என்று ஒரு வார்த்தை கூடவே வரும். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு 100ஐ மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

குமுளி, ஹோட்டல்காரர்: ஆசிரியரை விடுங்கள். கீழே கம்பத்தில் வேகிற பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் வேக நேரம் பிடிக்கிறதே, அது இதனால்தானா?

அதேதான். குக்கரில் அழுத்தம் ஏறுவதால் அந்தக் குறை தெரியாது. சாட்சிக்கு வந்தீர்கள், நன்றி.

மூணாறு, மறுபடியும்: பக்கத்து வீட்டு டிஎஸ்18பி20 98 காட்டுகிறதே? அவருடையதுதான் ஒரிஜினலாம்.

பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கும். அதோடு 85க்கு மேலே அரை டிகிரி உத்தரவாதமே கிடையாது. கொதிநீரை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஐஸ் எடுங்கள். அது உருகும் 0 டிகிரி கம்பத்திலும் மூணாற்றிலும் ஒன்றுதான். ஐஸை நன்றாக உடைத்து பிளாஸ்கில் நெருக்கமாக நிரப்பி, இடுக்கு நிறையும் அளவு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். சென்சார் நுனி நடுவில் இருக்கட்டும், சுவரைத் தொடக் கூடாது. கால் மணி நேரம் பொறுங்கள். அரை டிகிரிக்குள் நின்றால் சரி. இரண்டு டிகிரி தள்ளி நின்றால் அப்போது கடைக்காரரிடம் போங்கள்.

பாலக்காடு ஆசிரியர்: ஐஸில் உப்புப் போடலாமா?

குல்ஃபி செய்வதானால் போடலாம். உப்புப் பட்டால் 0க்குக் கீழே போய்விடும், ஐயா.

தென்காசி: ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் போர்டு மேலேயே டிஎம்பி117 ஒட்டியிருக்கிறேன். அறை வெப்பம் 3 டிகிரி கூடுதலாக வருகிறது.

அது அறையை அளக்கவில்லை, போர்டை அளக்கிறது. ஒரு சாண் வயரில் தள்ளி வையுங்கள், மூடிய டப்பாவுக்குள் வேண்டாம். அரை டிகிரி சென்சாரைச் சரியான இடத்தில் வைத்தவர், 0.1 டிகிரி சென்சாரைத் தப்பான இடத்தில் வைத்தவரை ஜெயிப்பார். இதையும் எத்தனை முறை எழுதியாயிற்று!

களியக்காவிளை: குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க டிஎம்பி117 வைத்து ஏதாவது செய்யலாமா?

விளையாட்டுக்குச் செய்யுங்கள். குழந்தைக்கு மருந்துக்கடைத் தெர்மாமீட்டர்.

கூடலூர்: எது பெஸ்ட் சென்சார்?

எதற்கு, எங்கே, எத்தனை மீட்டர் வயர்? மூன்றையும் எழுதிவிட்டு வாருங்கள்.

உத்தமபாளையம்: அண்ணே, என்னுடையது 85 காட்டுகிறது...

போடிக்காரருக்குச் சொன்னதுதான். 750 மில்லி விநாடி.